நோட்டீஸ் பீரியடில் இருப்பவன்

டென்மார்க்கில் ஒரு ஊரின் நாற்பத்தொரு குப்பை லாரிகளும் ஒரு திங்கட்கிழமை காலை ஒரே தெருவுக்குப் போய் நின்றன. அனுப்பியது நான். ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒன்பதாவது மாடியில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மதியம் செய்த வேலை அது.

எந்த லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை அந்த ஊருக்காக எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று சோதனைக்கு, இன்னொன்று நிஜம். சோதனைப் பிரதியில் எல்லா லாரிக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து ஒன்றைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். திரையில் இரண்டு ஜன்னல்களும் ஒரே நிறத்தில் திறந்து கிடந்தன. வலது கையில் ஊறுகாய். இடது கையால் மவுஸைப் பிடித்து அழுத்தினேன். அழுத்தியது நிஜத்தில். அது தெரியாமல் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, சனி ஞாயிறு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஒரு புகைப்படம் வந்தது. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை லாரிகள். ஒரு கிழவர் பால்கனியில் காபியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தெருப்பெயரை மூன்று முறை படித்தேன், நான் கொடுத்த அதே முகவரி.

வேறு மாதமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் மெட்டே வருகிறார். மெட்டே என்ற பெண்மணி டென்மார்க்கில் உட்கார்ந்து எங்களை மேய்ப்பவர். ஐந்து நாள் ஹைதராபாத்தில் தங்கி, எங்கள் பதினான்கு பேரில் ஒருவரை மேனேஜராக அறிவித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்த ஒருவர் இந்த வசந்தகுமாரிதான் என்பதில் எனக்கோ, டீமுக்கோ, கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கோ சந்தேகமே கிடையாது. ஆறு வருஷமாக மேனேஜர் வேலையை மேனேஜர் என்ற பெயர் இல்லாமல் பார்ப்பவள் நான். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பக்கத்து டீம்களில் மேனேஜராகிவிட்டார்கள். லிஃப்டில் பார்த்தால், "எப்படி இருக்கீங்க மேடம்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வேண்டும்.

அன்று மாலையே மெட்டேவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "நான் வந்ததும் முதல் வேலையாக, நடந்ததைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. செய்தவரே எழுந்து சொல்லட்டும். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் ஒரு கேக் கொண்டுவரட்டும்." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

இந்தக் கேக் சமாச்சாரம் எங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு மாதம் முன்பு ஹெச்.ஆர். ஏற்பாட்டில் ஃபெலிக்ஸ் என்ற பயிற்சியாளர் வந்து, டென்மார்க்காரர்களோடு எப்படி வேலை செய்வது என்று ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுத்தார். அங்கெல்லாம் வேலையில் தப்பு செய்தவர் மறுநாள் கேக் வாங்கி வருவாராம். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்துகொண்டே தின்பார்களாம். அத்தோடு விஷயம் முடிந்ததாம். "அவங்க நிஜமாவே மறந்துடுவாங்க" என்றார் ஃபெலிக்ஸ். பதினான்கு பேரும் தலையை ஆட்டினோம், நோட்டில் குறித்துக்கொண்டோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தரும் நம்பவில்லை. வெட்டப்போகிற ஆட்டுக்கும்தான் மாலை போடுகிறார்கள்.

தப்பைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. டீம் முழுவதற்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட். 'ஹைதராபாத் டீம்' என்றுதான் பதிவாகும். அப்படி ஏற்பாடு செய்தவளும் நான்தான். ஆனால் யாராவது ஒருவர் கேக்கோடு எழுந்து நின்றே ஆகவேண்டும். இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று கைகொடுத்தது. அதை ஃபெலிக்ஸ் டென்மார்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரா என்று தெரியாது.

எங்கள் ஆபீஸில் தப்பெல்லாம் வேலையை விட்டுப் போனவர்கள் செய்தது. அனிருத் என்று ஒருவன் இருந்தான். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் எழுதிய நிரலில் பிழை வந்தால்கூட, "இது அனிருத் காலத்துப் பிரச்சினை" என்று எங்கள் டீம் ஹர்ஷிதா கண்ணைச் சிமிட்டாமல் அறிக்கை எழுதிவிடுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. போனவனுக்கு அப்ரைசல் கிடையாது, இருப்பவர்களுக்குப் பிழைப்பு ஓடும். ஆனால் இரண்டு வருஷம் முன்பு போனவன் போன வெள்ளிக்கிழமை லாரியை அனுப்ப முடியாதே. ஆகவே போகப்போகிறவன் ஒருவன் தேவைப்பட்டான். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் யோகேஷ் இருந்தான்.

யோகேஷுக்கு இருபத்தெட்டு வயது. தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து ஊரின் மறுகோடியில் மல்காஜ்கிரியிலேயே தங்கிவிட்ட குடும்பம். வேலையில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. தினம் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் மாட்டேன் என்றேன். வீட்டுக்குக் கிட்டே உப்பல் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவனைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லி, நீ செய்ததாக ஒத்துக்கொள் என்றேன்.

"கைக்கு அக்கா, எதுக்கு?" என்றான். "நீங்களே சொல்லிடலாமே. அந்தம்மா திட்டமாட்டாங்கன்னு ஃபெலிக்ஸ் சார் சொன்னாரே."

"ஃபெலிக்ஸுக்கு என்ன, பேசிட்டுச் சம்பளம் வாங்கிட்டுப் போயிட்டாரு. நீ அதை நம்புதியா?"

"நம்பல."

"அப்புறம் என்னலே? நான் இங்கனதான் கிடக்கணும். நீ போகப்போறவன்."

"நக்கோ அக்கா, வேண்டாம். போற நேரத்துல பேரு கெட்டுப்போயிடும்."

"கேக்கைத் தின்னதும் மறந்துருவாங்களாம்லா?" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"முப்பத்தஞ்சு நாள். அங்கே சீக்கிரம் வான்னு உயிரை எடுக்கறாங்க."

"கூட்டம் முடிஞ்ச மறு வாரமே உன்னை விட்டுருதேன். நான் கையெழுத்துப் போட்டா போதும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஹவ், சரி. சொல்லுங்க, எப்படி நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க. அவங்க ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல?" என்றான். சொன்னேன். ஒரே நிறத்து ஜன்னல்கள், தயிர்சாதம், இடது கை, மூன்று முறை படித்த தெருப்பெயர், எல்லாம் சொன்னேன். ஒரு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டான்.

கேக்கை நான்தான் வாங்கினேன். கடைப் பெண், "பைன ஏம் ராயாலி மேடம்?" என்று மேலே என்ன எழுத வேண்டும் எனக் கேட்டாள். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். பிறந்தநாளா, பிரமோஷனா என்றாள். தப்பு செய்ததற்கு என்று தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, உன் இஷ்டம் அம்மா என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸில் பெட்டியைத் திறந்தபோது சிவப்புக் கிரீமில் பெரிதாக 'வாழ்த்துகள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அழிக்க நேரமில்லை. மெட்டே உள்ளே வந்துகொண்டிருந்தார்.

ஐம்பது வயதுக்காரர், முதுகில் பை, காலில் சாதாரணச் செருப்பு. பூங்கொத்தை வாங்கித் தண்ணீரில் தானே வைத்தார். உட்கார்ந்தார். "சரி, லாரிகள்" என்றார்.

யோகேஷ் எழுந்தான். இரண்டு வரி சொல்லிவிட்டு உட்காரச் சொல்லியிருந்தேன். "என்னால் நடந்தது, மன்னிக்கவும்", அவ்வளவுதான். படுபாவி, கேக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு நிமிஷம் பேசினான்.

"அதைச் செய்தது நான்" என்று ஆரம்பித்தான் ஆங்கிலத்தில். "சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்தேன். வலது கையில் ஊறுகாய். எது சோதனை, எது நிஜம் என்று பார்க்காமல் இடது கையால் அழுத்தினேன். திங்கட்கிழமை அந்தப் படத்தில் தெருப்பெயரை மூன்று முறை படித்தேன். இதை யார் மேல் போடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். இங்கே அது சுலபம். அப்புறம் வெட்கமாக இருந்தது. அந்தப் பால்கனியில் நின்ற பெரியவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க முடியாது. உங்களிடம் கேட்கிறேன்." கேக் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். அந்த வெட்கம் மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு. அப்படி ஒன்று எனக்கு வந்ததாக நான் சொல்லவே இல்லை.

ஹர்ஷிதா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற பயல் இப்படியா தானாகப் போய் மாட்டிக்கொள்வான் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. மெட்டே எழுந்து நின்றார். கைதட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஏழு வருஷமாக இந்த அலுவலகத்தோடு வேலை செய்கிறேன்" என்றார். "'நான் செய்தேன்' என்று ஒருவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். இதுவரை அனிருத் என்று ஒருவரைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறேன். அந்த மனிதரை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்." பிறகு கேக்கில் எழுதியிருந்ததைப் படித்து, யோகேஷின் நகைச்சுவை உணர்வு அபாரம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார். முடிந்தது ஆபத்து என்று நானும் சப்புக்கொட்டித் தின்றேன்.

வியாழக்கிழமை மதியம் யோகேஷ் என் இடத்துக்கு வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, ராஜினாமாவை வாபஸ் வாங்கிட்டேன்."

"என்னது?"

"அந்தம்மா கூப்பிட்டு ஏன் போறேன்னு கேட்டாங்க. ரோட்டுல நாலு மணி நேரம் போகுதுன்னேன். மூணு நாள் வீட்டுலயிருந்து பாருன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னொண்ணும் சொன்னாங்க. நாளைக்கு அறிவிக்கறாங்களாம். மேனேஜர்... என்னைத்தான்."

"உன்னையா? ஏலே, உனக்கு மீசை முளைச்சு எத்தனை நாளாச்சு? நான் ஆறு வருஷமா இங்கன நாயாப் பேயா உழைக்கேன்!" என்று கத்தினேன். நாலு மேஜை தள்ளி இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள்.

"நான் கேக்கல அக்கா, சத்தியமா. வயசெல்லாம் அவங்களுக்குக் கணக்கு இல்லையாம். தப்பை ஒத்துக்கறவன்தான் மேனேஜரா இருக்கணுமாம்." குரலைத் தாழ்த்தினான். "நான் போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

இரண்டு பேரும் யோசித்தோம். அவன் சொன்னால் அவன் பொய் சொன்னவன், நான் பொய் சொல்ல வைத்தவள். இரண்டு பேரும் காலி.

"நீங்களே போய்ச் சொன்னீங்கன்னா வேற மாதிரி" என்றான் மெதுவாக. "அந்தம்மாவுக்கு அதுதானே பிடிக்குது. நான் குறுக்கே வரமாட்டேன் அக்கா. உங்க பதவி அது, எனக்குத் தெரியாதா?"

சொன்னால் அவனுக்கு வந்தது போகும் என்று தெரிந்தே சொன்னான். நல்ல பிள்ளைதான், அதை இல்லையென்று சொல்லக் கூடாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஃபெலிக்ஸைத் திட்டிக்கொண்டே போனேன். உண்மைக்கு இவர்களிடம் இவ்வளவு மதிப்பு என்று முதலிலேயே தெரிந்திருந்தால் முதல் ஆளாகச் சொல்லித் தொலைத்திருப்பேனே! ஃபெலிக்ஸ் சொன்னார்தான். ஆனால் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டாமா அந்த மனுஷன்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்டேவின் அறைக் கதவைத் தட்டினேன். உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன்.

"லாரிகளை அனுப்பியது யோகேஷ் இல்லை. நான். அவனை ஒத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான்."

மெட்டே மடிக்கணினியை மூடினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். புறப்படும் முன் எங்களுக்கு இந்தியாவைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே டீமின் மூத்தவர் குடும்பத்தில் மூத்தவர் மாதிரி, சின்னவர்கள் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்றார்கள். நான் நம்பவில்லை. இப்போது கண்ணால் பார்க்கிறேன். ரொம்ப அழகான பண்பாடு, வசந்தா."

"ஐயோ, பண்பாடெல்லாம் இல்லை. நிஜமாகவே நான்தான். அந்த ஊறுகாய்கூட என்னுடையது!"

"அதை அவர் சொல்லிவிட்டாரே" என்று சிரித்தார்.

கணினிப் பதிவைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதில் 'ஹைதராபாத் டீம்' என்று இருக்கும். டீமில் யாரையாவது கேளுங்கள் என்றால், யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. யோகேஷைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் சொன்னால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். உங்களை அக்கா என்று கூப்பிடுகிறாரே, அதற்கு அர்த்தமும் பயிற்சியில் சொன்னார்கள்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேர்ந்ததிலிருந்து ஆபீஸில் நான் சொன்ன ஒரே உண்மை அது. மேஜையைத் தட்டி, "நான் பொய் சொல்லவில்லை! என்னை நம்புங்கள்!" என்று கத்திவிட்டேன்.

மெட்டே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வசந்தா, நாங்கள் நேராகப் பேசுகிறவர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யோகேஷ் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. உங்கள் முகத்தில் கோபம்தான் இருக்கிறது. தப்பு செய்தவர் முகம் இப்படி இருக்காது."

முகத்தை வெட்கமாக மாற்றப் பார்த்தேன், வரவில்லை.

"உங்களைத்தான் மேனேஜராக்கலாம் என்று நினைத்து வந்தேன்" என்று தொடர்ந்தார். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். "ஆனால் நீங்கள் மற்றவர்களை அவர்கள் தப்பைச் சுமக்கவே விடமாட்டேன் என்கிறீர்கள். அன்பினால்தான் பொய் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் பொய். அதை மாற்றிக்கொள்ளலாம், பயப்படாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் யோகேஷோடு உட்காருங்கள். உண்மையை எப்படிச் சொல்வது என்று அவர் உங்களுக்குக் கற்றுத் தருவார்."

எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். வெளியே வந்தேன். யோகேஷ் காபி மெஷின் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன அக்கா சொன்னாங்க?"

"நம்பலடா. உன்கிட்ட வாரம் ஒரு மணி நேரம் உக்காந்து உண்மை பேசக் கத்துக்கணுமாம்."

விழுந்து விழுந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். போன வாரத்து யோகேஷ் என்றால் தரையில் உருண்டிருப்பான். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தான்.

"திங்கள் பதினொண்ணுக்குப் போடட்டுமா அக்கா?" என்றான்.

"போடு" என்றேன்.